நம்மகிட்ட ரத்து கிடையாது

அந்தம்மாவைப் பார்த்த முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் புகழப்போவதைப் பார்த்துவிட்டு, இந்த ஆளுக்கு மனுஷர்களை எடைபோடத் தெரிந்திருக்கிறது என்று யாரும் என்னைப் பற்றி நல்லதாக நினைத்துவிடக் கூடாது. பத்து நிமிஷத்தில் ஏழெட்டு தடவை "இல்லேன்னா?" என்று கேட்கிற ஒருவரை யாருக்குத்தான் பிடிக்கும்?

பொம்மனஹள்ளியில் குழாயும் வாஷ்பேசினும் விற்கிற கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். சின்னக் கம்பெனி. ஊரில் ஏழெட்டு இடத்தில் டயாலிசிஸ் சென்டர் வைத்திருக்கிற ஒரு நிறுவனத்துக்காக நோயாளிகளின் போனை எடுத்துப் பேசுவதுதான் எங்கள் பிழைப்பு. யாருக்கு எந்த நேரம், யாரை வேனில் கூட்டி வர வேண்டும், யார் இன்னும் வந்து சேரவில்லை என்று பார்க்கிற வேலை. போன் எடுக்கிற டெஸ்கில் நாலு பெண்கள். அவர்களுக்கு மேலே அந்தம்மா. வயது ஐம்பதை ஒட்டி இருக்கும், என் வயதுதான். நீலசந்திராவில் வீடு. பெயர் வேண்டாம். தன் பெயரை எழுதியிருக்கிறேன் என்று தெரிந்தால், "படிக்கிறவங்க அதே பேர்ல வேற யாரையாவது நெனச்சுக்கிட்டா?" என்று போன் செய்து கேட்பார். பதில் சொல்ல என்னால் ஆகாது.

அவர் கேள்விக்குத் தப்பியவர்கள் யாரும் இல்லை. கீழே டீக்கடையில் ஆறு டீ சொல்லும்போதே, "அதுல ரெண்டு சக்கரை இல்லாம. தனியா வெக்க டம்ளர் இல்லேன்னா?" என்பார். கடைக்காரர் கன்னடக்காரர், பொறுமைசாலி. அவரே ஒருநாள் என்னிடம், "அவரிகெ ஹேளி ஹேளி சாகாய்த்து சார்" என்றார். அந்தம்மாவுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதாம். ஆனால் அவர் வருகிற நேரத்துக்கு இரண்டு டம்ளரைக் கழுவித் தனியாகக் கவிழ்த்து வைத்திருப்பார், நானே பார்த்திருக்கிறேன்.

யாராவது கல்யாணப் பத்திரிகை கொடுத்தால், வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கண்டிப்பா வர்றேன். வர முடியலேன்னா யாருக்கு போன் பண்ணட்டும்?" என்று கேட்பார். கொடுத்தவர் முகம் சுருங்கிவிடும். அந்தக் கல்யாணத்துக்கு முதல் ஆளாகப் போய் நிற்பதும் இவராகத்தான் இருக்கும்.

வீட்டுச் சாவி விஷயம் இன்னும் அழகு. ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று எல்லாரும் பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்து வைப்போம். இவர் இரண்டு வீட்டில் கொடுத்திருந்தார். அந்த இரண்டு வீட்டாருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. "தெரிஞ்சேதான் சார் குடுத்தேன்" என்றார். "சிநேகமா இருக்கறவங்க ரெண்டு பேரும் ஒரே விசேஷத்துக்குக் கெளம்பிப் போயிடுவாங்க. பேசிக்காதவங்க போக மாட்டாங்க. ஒரு வீடு பூட்டியிருந்தா இன்னொரு வீடு தெறந்திருக்கும்." இதை அவர் சிரிக்காமல்தான் சொன்னார்.

சரி, நான் எப்படி இவரிடம் மாட்டினேன் என்பதற்கு வருகிறேன்.

எங்கள் முதலாளிக்கு, போனில் வரும் நோயாளிகளிடம் மெஷினே பேசட்டும் என்று ஆசை வந்தது. ஏஜென்ட் என்பார்கள். கேட்பதைப் புரிந்துகொண்டு, பதில் சொல்லி, வேலையையும் அதுவே முடித்துவைக்கிற இயந்திரக் குரல். நான் ஏற்கெனவே அந்த மாதிரி ஒன்றிரண்டு செய்திருந்தேன். அது சுலபம். "நீ அன்பான உதவியாளர், நோயாளியிடம் மரியாதையாகப் பேசு, முடிந்த உதவியைச் செய்" என்று பத்தி பத்தியாக எழுதி வைத்தால் போதும், அதுவே ஒரு மாதிரி புரிந்துகொண்டு ஓடும். தொண்ணூறு தடவை சரியாக ஓடும், பத்து தடவை வாய்க்கு வந்ததைப் பேசும். சிகிச்சை விஷயத்தில் அந்தப் பத்து கூடாது என்று முதலாளி எங்கேயோ படித்துவிட்டு வந்து, ஒரு புது மொழியை என் தலையில் கட்டினார்.

ஏஜென்டை எழுதுவதற்கென்றே வந்த மொழி. இதில் வழவழா கொழகொழா நடக்காது. ஏஜென்ட் என்னென்ன கேட்கலாம், என்னென்ன வேலை செய்யலாம், தன்னால் முடியாதபோது யாரிடம் ஒப்படைக்கலாம் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். எழுதி முடித்ததும் கம்பைலர் என்கிற ஒன்று முழுவதையும் படித்துப் பார்க்கும். எங்கேயாவது ஒரு வழி முடியாமல் அந்தரத்தில் தொங்கினால் தப்பைக் காட்டிவிட்டு நின்றுவிடும். சரிசெய்கிற வரை ஏஜென்ட் ஓடாது. இருபத்தைந்து வருஷமாகப் புரோகிராம் எழுதுகிற எனக்கே முதல் வாரம் கண்ணைக் கட்டியது. பக்கம் முழுக்கத் தப்பு, சிவப்பு எழுத்தில். அப்போதுதான், டெஸ்கில் நடப்பதைச் சொல்ல ஒருவர் கூட இருக்கட்டும் என்று முதலாளி அந்தம்மாவை என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"சரி, சொல்லுங்க" என்றேன். "ஒரு பேஷன்ட் போன் பண்றார். இன்னிக்கு வரலைங்கறார். என்ன பண்ணுவீங்க?"

"ஏன் வரலைன்னு கேப்போம்."

"சரி. காரணத்தை எழுதிக்கிட்டு ரத்து பண்ணிடுவீங்க."

"ரத்து இல்ல சார்."

"பின்னே?"

"நம்மகிட்ட ரத்து கிடையாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உலகத்தில் எங்கே போனாலும், பஸ் டிக்கெட்டிலிருந்து பல் டாக்டர் வரை, போட்ட நேரத்தை ரத்து செய்ய ஒரு வழி இருக்கும். திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். ஏஜென்ட் செய்யக்கூடிய வேலைகளின் பட்டியல்: நேரம் கொடு, நேரம் மாற்று, வேன் அனுப்பு, ரத்து செய். கடைசி வரியில் விரலை வைத்து, "அத எடுத்துடுங்க" என்றார்.

"வர மாட்டேங்கறவங்களை நாம இழுத்துட்டா வர முடியும்?"

"வாரத்துக்கு மூணு தடவ ஊசி குத்தி, நாலு மணி நேரம் ஆடாம அசையாம படுத்துக் கெடக்கணும் சார். யாருக்குப் போகணும்னு இருக்கும்? வரலன்னு சொல்றவங்க நெறைய பேரு வரணும்னுதான் இருக்காங்க. என்னமோ ஒண்ணு தடுக்குது. வீட்டுக்கு சம்பந்தி வந்திருப்பாங்க. லிஃப்ட் கெட்டுப்போயிருக்கும். கொண்டுபோய் விடுன்னு மருமககிட்ட கேக்கக் கூச்சமா இருக்கும். அது என்னன்னு தெரியற வரைக்கும் எங்க பொண்ணுங்க போன வெக்க மாட்டாங்க. நேரத்த மாத்தலாம், வேன் அனுப்பலாம், ஒண்ணும் முடியலன்னா டாக்டரையே பேச வெக்கலாம். ரத்துன்னு ஒரு பட்டன் இருந்தா, கை அதுலதான் போகும்."

இந்த வழக்கம் எந்த ஒப்பந்தத்திலும் இல்லை, எந்தப் பயிற்சித் தாளிலும் இல்லை. நாலு பெண்களும் இவரும் சேர்ந்து பல வருஷமாக வைத்திருந்த வழக்கம். அதே ஆபீஸில் உட்கார்ந்திருந்த எனக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது. முணுமுணுத்துக்கொண்டே அந்த வரியை எடுத்தேன். இந்த மொழியில் ஒரு வேலையை அறிவிக்காவிட்டால் ஏஜென்டால் அதைச் செய்யவே முடியாது என்று போகிறபோக்கில் சொன்னேன்.

"யாரு கெஞ்சினாலும்?"

"முடியாது."

"அதுவே நெனச்சாலும்?"

"முடியாது."

"நல்ல மொழி சார்" என்றார். அவர் வாயிலிருந்து ஒன்றைப் பற்றி நல்ல வார்த்தை வந்ததை அன்றுதான் கேட்டேன். என்னைப் பற்றி அப்படி எதுவும் வரவில்லை.

அதன்பிறகு என் பாடு திண்டாட்டம். கம்பைலர் தப்பு காட்டினால் நான் பல்லைக் கடிப்பேன். அந்தம்மா ஒவ்வொரு ஆங்கில வார்த்தையின் மேலும் விரலை ஓட்டிப் படிப்பார். 'நோயாளி பதில் சொல்லாவிட்டால் என்ன செய்வது என்று எழுதப்படவில்லை.' படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "நியாயமாத்தானே கேக்குது?" என்பார். நான் வழியை மூடுகிற அவசரத்தில், 'நன்றி சொல்லி முடி' என்று ஒரு வரி போடுவேன். சிவப்பு போய்விடும். ஆனால் இவர் விட மாட்டார். "நன்றி சொன்னா அவரு வந்துட்டாரா?" வீட்டில் அம்மாவும் பெண்டாட்டியும் ஒரே கட்சியில் சேர்ந்துகொண்ட மாதிரி இருந்தது எனக்கு.

இரண்டு மூன்று வாரத்தில் ஒரு விஷயம் பிடிபட்டது. கம்பைலருக்கு அந்தம்மா அளவுக்கு விஷயம் தெரியாது. வழி முடிகிறதா என்று மட்டும் பார்க்கும். நல்லபடியாக முடிகிறதா என்று பார்த்தது இவர். ஒரு தெலுங்குக்காரர் கன்னடத்தில் ஆரம்பித்து நடுவில் தெலுங்குக்குப் போய்விட்டால்? பேஷன்டுக்குப் பதிலாக ஆறு வயதுப் பேத்தி போனை எடுத்தால்? அப்பாவும் பிள்ளையும் ஒரே பெயரில் இருந்து, இரண்டு பேருமே பேஷன்டாக இருந்தால்? இது எல்லாம் அந்த டெஸ்கில் உண்மையாகவே நடந்தவை. நான் ஒவ்வொன்றாக எழுத எழுத, என்னுடைய பழைய ஏஜென்டுகள் எத்தனை பேரை நடுத்தெருவில் விட்டிருக்கும் என்று நினைத்து எனக்கே உள்ளுக்குள் கூசியது.

இப்படி ஒருவர் இருக்கிறார் என்றால் அதற்குப் பின்னால் ஒரு சோகம் இருக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு கணக்கு. புருஷனோ, கூடப்பிறந்தவனோ டயாலிசிஸில் போயிருப்பார்கள் என்று நானே ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். ஒருநாள் குரலை இறக்கி, "வீட்டுல யாருக்காவது..." என்று ஆரம்பித்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "எங்க வீட்ல எல்லாரும் குண்டுக்கல்லு மாதிரி இருக்காங்க சார். ஒருத்தர ஏன் வரலன்னு கேக்கறதுக்கு நம்ம வீட்ல ஒருத்தர் சாகணுமா?" என்றார். நான் அசடு வழிந்தேன்.

டெஸ்கில் இருந்த சரளாவும் ஷபானாவும் பயந்துபோயிருந்தார்கள். இருவரும் கெட்டிக்காரிகள். ஒருவர் தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேன் இன்னொருவருக்கு ஆகாது என்று தொடங்கிய சண்டையில் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாதவர்கள். அதனால் இரண்டு பேரும் தனித்தனியாக வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். மெஷின் வந்துவிட்டால் நாங்கள் எதற்கு? அந்தம்மா இருவருக்கும் ஒரே பதில்தான் சொன்னார். "எனக்குத் தெரியாது. நம்ம வேலை போகுமா இருக்குமான்னு அப்பறம் பாக்கலாம். இத தப்பா எழுதினா போன் பண்றவங்க கதி என்ன? அத மொதல்ல பாப்போம்."

ஏஜென்ட் வேலைக்கு வந்தது. வார நாட்களில் நன்றாகவே ஓடியது. தனக்கு முடியாததை டெஸ்குக்கு ஒப்படைத்தது, பெண்கள் எடுத்துப் பேசினார்கள். அப்போது முதலாளி ஒரு முடிவெடுத்தார். ஞாயிற்றுக்கிழமை போன் குறைவு, டெஸ்கில் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்கள், இனிமேல் ஞாயிறுக்கு ஆள் வேண்டாம், மெஷின் பார்த்துக்கொள்ளும். சனிக்கிழமை மத்தியானம் ஞாயிறு ஷிஃப்டை எடுத்துவிட்டு கம்பைல் செய்தேன். சிவப்பு. 'ஞாயிற்றுக்கிழமை ஒப்படைப்பதற்கு யாரும் அறிவிக்கப்படவில்லை.'

அந்தம்மா அன்றைக்கு ஓசூரில் யாருக்கோ காது குத்துகிறார்கள் என்று சீக்கிரமே கிளம்பிப் போயிருந்தார். நான் செய்ததை அப்படியே சொல்கிறேன். 'ஞாயிறு டெஸ்க்' என்று ஒரு பெயரை அறிவித்து, அதற்குப் பின்னால் யாருமே திறக்காத ஒரு மெயில் பெட்டியை வைத்தேன். கம்பைலருக்கு ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பெயரில் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று எட்டிப்பார்க்க அதற்குக் கண் கிடையாது. சிவப்பு போய்விட்டது. நானும் வீட்டுக்குப் போய்விட்டேன். எங்கள் தொழிலில் இதைச் செய்யாதவர்கள் கிடையாது. அப்புறம் சரிபண்ணிக்கலாம் என்று நினைத்துக்கொண்டு செய்வோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி. தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போனில் அந்தம்மா.

"சார், இன்னிக்கு டெஸ்க்ல யாரு உக்காந்திருக்காங்க?"

"ஏன் கேக்கறீங்க?"

"சும்மா ஒரு போன் போட்டுப் பாத்தேன். பேஷன்ட் மாதிரி, இன்னிக்கு வரலன்னு சொன்னேன். ரெண்டு தடவ ஏன்னு கேட்டுச்சு. சொல்ல மாட்டேன்னேன். எங்கள் ஊழியருடன் இணைக்கிறேன்னுச்சு. அப்பறம் சத்தமே இல்ல."

மென்று முழுங்கினேன். "ஒரு பெட்டி வெச்சிருக்கேன்."

"பெட்டிய யாரு பாக்கறாங்க?"

அவர் திட்டியிருந்தால் தேவலை. "தெறங்க சார்" என்றார்.

கைகூடக் கழுவாமல் திறந்தேன். நாலு பதிவு. ஒன்று அந்தம்மாவுடையது. ஒருவர் நேரம் மாற்றக் கேட்டிருந்தார், இன்னொருவர் வேன் எங்கே என்று கேட்டிருந்தார். இரண்டையும் பிறகு அந்தம்மாவே போன் போட்டு முடித்துவிட்டார். நாலாவது, சந்தாபுராவிலிருந்து ஒரு பெரியம்மா. அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டேன். "இன்னிக்கு வேணாம்மா. ஒடம்பு அசதியா இருக்கு." இணைக்கிறேன் என்கிறது ஏஜென்ட். கொஞ்ச நேரம் அமைதி. ஏதோ பாத்திரம் நகர்கிற சத்தம். பிறகு அதே குரல், "யாரும் இல்லையா? சரி, பரவால்ல." அவ்வளவுதான், வைத்துவிட்டார். நாலையும் அந்தம்மாவிடம் சொன்னேன், கொஞ்ச நேரத்தில் அவர் திரும்பக் கூப்பிட்டார்.

"அவங்க வெள்ளிக்கெழமையும் வரல சார்" என்றார் அந்தம்மா. "அன்னிக்கு ஜுரம்னாங்க. டாக்டர்கிட்ட கேட்டு இன்னிக்கு மாத்தினதே நான்தான். இன்னிக்கும் தள்ளிப்போனா தாங்காது. போன் போட்டுட்டே இருக்கேன், எடுக்கல. நீலசந்திராலேர்ந்து நான் போய்ச்சேர நேரமாகும். உங்க வீடு பொம்மனஹள்ளிலயே இருக்கு."

"நான் போகணுமா?"

"இல்லேன்னா?"

எத்தனையோ தடவை கேட்ட கேள்விதான். கேட்டுவிட்டு வழக்கம்போல என் பதிலுக்காகக் காத்திருந்தார். ஸ்கூட்டரை எடுத்தேன்.

சந்தாபுராவில் அந்தத் தெரு முழுக்கச் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்டிருந்தது. அந்தம்மா அதற்குள் வேன் டிரைவரைத் திரும்ப வரவழைத்திருந்தார். அவர் மெயின் ரோட்டிலேயே நின்று, "காடி ஒளகடே ஹோகல்லா சார்" என்று பள்ளத்தைக் காட்டினார். வண்டி உள்ளே போகாது. காலையிலும் வந்து ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, யாரும் வெளியே வராததால் போய்விட்டாராம். நான் உள்ளே நடந்தேன். பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு காலும் வீங்கி மினுமினுவென்று இருந்தன. மகள் வேலைக்குப் போயிருக்கிறாள். போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது.

"வேன் உள்ள வரல தம்பி. அங்க வரைக்கும் நடந்தா மூச்சு முட்டுது" என்றார் மெதுவாக. "அந்த டிரைவர் புள்ள கையப் புடிச்சுக்கிட்டு பலகை மேல நடக்கறதுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. அதான் அசதின்னு சொல்லிட்டேன்."

இவ்வளவுதான் காரணம். கேட்க ஒரு ஆள் இருந்திருந்தால் மூன்றாவது கேள்வியில் வந்திருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, டிரைவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பள்ளத்துக்கு மேலே போட்டிருந்த பலகையில் அடிமேல் அடி வைத்துத் தூக்கி வந்தோம். வழி நெடுக என் சட்டைக் காலரை அவர் விடவே இல்லை. வேனில் ஏறி மூச்சு வாங்கிய பிறகு, "போன்ல பேசினது மெஷினா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "மரியாதையாத்தான் பேசுச்சு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தில்தான்.

நாங்கள் சென்டருக்குப் போய்ச்சேர்ந்தபோது அந்தம்மா பஸ் பிடித்து வந்து வாசலில் நின்றிருந்தார். எடை பார்த்த நர்ஸ், இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் நேரே ஐசியூதான் என்று எல்லாருக்கும் பொதுவாகச் சத்தம் போட்டார். ஊசி ஏறி, மெஷின் ஓட ஆரம்பித்த பிறகுதான் அந்தம்மா என் பக்கம் திரும்பி, "சாப்டீங்களா?" என்று கேட்டார்.

"தப்பு என்னுதுதான்" என்றேன்.

"தெரியும் சார். அந்தப் பெட்டிய எடுத்துடுங்க. அந்தக் கம்பைலர் கரெக்டாதான் கேட்டுச்சு, ஆள் எங்கேன்னு. நாமதான் அது வாய மூடினோம்" என்றார். 'நாம' என்றார். பெட்டி வைத்தபோது அவர் ஓசூரில் இருந்தார். இருந்தும் 'நாம' என்றார். அதை நான் மறக்க மாட்டேன்.

திங்கட்கிழமை முதலாளி முன்னால் பெட்டியை எடுத்துவிட்டு கம்பைல் செய்தேன். திரை சிவந்தது. என்ன தப்பு என்று கேட்டார். "ஞாயித்துக்கெழமைக்கு ஆள் இல்லைங்கறதுதான் தப்பு" என்றேன். "ஏதாவது ஒரு பேரைப் போட்டு ஓட்டுப்பா" என்றார். "சனிக்கிழமை போட்டேன் சார்" என்று ஆரம்பித்து, காலர் கசங்கியது வரை ஒன்று விடாமல் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவரோ அந்தம்மாவைப் பார்த்து, "சரி, ஞாயித்துக்கெழமைக்கு யார் பேரைப் போடறது?" என்று கேட்டார்.

அந்தம்மா தயாராக இருந்தார். "சரளா பேரு. அவ எடுக்கலேன்னா ஷபானா."

"அவங்க ரெண்டு பேரும் மூஞ்சி குடுத்துப் பேசிக்க மாட்டாங்களே!"

"அதான் சார் வேணும்" என்றார். எனக்கு அந்த இரண்டு சாவி ஞாபகம் வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு பெயரையும் நம்பரையும் எழுதினேன். கம்பைலரும் திருப்தியாகிவிட்டது. அந்தம்மா மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஷபானாவும் எடுக்கலேன்னா?"

நானும் முதலாளியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தம்மா என்னைப் பார்த்தார். மூன்றாவது வரியில் என் நம்பரை நானே எழுதினேன். அவர் அங்கேயே, என் முன்னாலேயே ஒரு சோதனை போன் போட்டு, என் போன் அடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எழுந்து போனார்.

அதற்குப் பிறகு நான் அந்தக் கம்பெனியை விட்டுவிட்டேன். வேறு வேலை, வேறு மொழி. அந்த மூன்றாவது வரியிலிருந்து என் நம்பரை யாரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கச் சொல்லவில்லை. ஒருநாள்கூட அடித்ததில்லை. சரளாவும் ஷபானாவும் முறை வைத்து ஞாயிறு டெஸ்கைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அந்தம்மாவைக் கடைசியாகப் பார்த்தது அவர் பெண்ணின் கல்யாணத்தில். நீலசந்திராவில் ஒரு சின்ன மண்டபம், ஞாயிற்றுக்கிழமை. பத்திரிகை கொடுக்க வீட்டுக்கு வந்தபோது, பழிவாங்குகிற மாதிரி, "வர முடியலேன்னா யாருக்கு போன் பண்ணட்டும்?" என்று கேட்டேன். "நீங்க வருவீங்க சார்" என்றார். முதல்முறையாக ஒன்றை 'இல்லேன்னா?' என்று கேட்காமல் விட்டார்.

பந்தியில் எனக்கு எதிரே சரளாவும் ஷபானாவும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார்கள். சரளாவின் அப்பளத்தை ஷபானா எடுத்து நொறுக்கிக்கொண்டிருந்தார். எப்போது ராசியானார்கள் என்று தெரியவில்லை, இருவருக்கும் வாய் ஓயவில்லை. இரண்டு இலை தள்ளி, சாவி வைத்திருக்கும் மாடி வீட்டம்மாவும் எதிர் வீட்டம்மாவும். அவர்கள் பேசிக்கொள்ளவில்லை, ஆனாலும் வந்திருந்தார்கள். நான் ரசத்துக்கு வந்திருந்தேன். அப்போது என் சட்டைப் பையில் போன் அடித்தது. திரையில் அந்தப் பழைய கம்பெனி நம்பர்.

அந்தம்மா பாயசப் பாத்திரத்தோடு பரிமாறுகிறவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். போனைப் பார்த்தார். பிறகு சரளாவையும் ஷபானாவையும் பார்த்தார்.

"இன்னிக்கு யாரு டெஸ்க்கு?"

"அவதானேக்கா" என்றார் சரளா. "நாமதான் மாத்திக்கிட்டோமே" என்றார் ஷபானா. இருவர் கைகளும் அப்படியே நின்றன. இரண்டு பேருடைய போனும் மாடியில், பெண்ணின் அறையில், கைப்பைக்குள்.

அந்தம்மாவின் முகம் அப்படிப் போனதை நான் பார்த்ததே இல்லை. "இத நான் யோசிக்கலையே சார்" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். இவ்வளவு பேரையும் தானே கூப்பிட்டு ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்திருக்கிறோம் என்பது அவருக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. போன் நாலாவது முறையாக அடித்தது.

"யோசிச்சிருக்கீங்க" என்றேன். "மூணாவது நான்தானே."

எச்சில் கையை ஓரமாகப் பிடித்துக்கொண்டு, இடது கையால் போனை எடுத்து, மேளச் சத்தம் கேட்காத பக்கமாக நடந்தேன். கைகழுவும் இடம் வரை அந்தம்மாவும் பின்னாலேயே வந்தார், பாயசப் பாத்திரத்தோடு. மறுமுனையில் ஒரு ஆண் குரல், களைத்துப்போன குரல். இன்றைக்கு வரவில்லை, ரத்து செய்துவிடுங்கள் என்றார்.

"நம்மகிட்ட ரத்து கிடையாதுங்க" என்றேன். "நான் போன வெக்க மாட்டேன். ஏன் வரலைன்னு மெதுவா சொல்லுங்க."